மாரிக்குப்பம் வண்டி வரும்வரை ஒரு டோக்கன்

1. ஆடத் தெரியாத மெக்கானிக்

எனக்கு வீடியோ கேம் ஆடத் தெரியாது. வாழ்க்கையில் பாதியை அந்த மெஷின்களைப் பிரித்து மாட்டியே கழித்தவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இப்போது நான் வேலை பார்க்கும் மாலில், சர்வீஸ் பிள்ளைகள் "சேகர் சார் சும்மா சொல்றாரு" என்று சிரிப்பார்கள். சும்மா இல்லை. எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். ரிப்பேர் முடிந்ததும் ஒரு ஆட்டத்துக்கான கிரெடிட் போடுவோம். ஜாய்ஸ்டிக் நாலு பக்கமும் போகிறதா, பட்டன் வேலை செய்கிறதா, சவுண்ட் கரகரக்காமல் வருகிறதா என்று பார்ப்போம். பார்த்ததும் பவரை அணைத்து, பின்கதவைப் பூட்டிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுவோம். முதல் ஸ்டேஜுக்கு அப்புறம் அந்த ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. சமையல்காரர் உப்புப் பார்க்கிற மாதிரி. அவர் பந்தியில் உட்காருவதில்லை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. மெக்கானிக்குக்கு ஆடத் தெரியும் என்று எங்கள் முதலாளி நம்பியதால் ஒரு தடவை கடையே போக இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் நான் போனது மானிட்டர் பார்க்க. அப்போது பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் இருந்தேன். கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் லூர்து அண்ணன் வீடியோ கேம்ஸ் கடை வைத்திருந்தார். அவரும் ஆஸ்டின் டவுன்காரர்தான். ஐம்பதைத் தாண்டியவர். எந்த மெஷின் மக்கர் செய்தாலும் முதலில் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். தட்டித் தட்டி எதுவும் நடக்காத ஒரு நாளில்தான் எனக்கு ஆள் அனுப்பினார்.

"டி.வி. மாதிரிதான்டா. பயப்படாம தொற" என்றார்.

கேபினெட்டின் பின்கதவைத் திறந்தேன். மரப்பெட்டிக்குள் டி.வி.யின் வயிறு மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒரு போர்டு, ஒரு பவர் சப்ளை, தலைவாராத முடி போல வயர்கள். படக்குழாய்க்கு மின்சாரம் ஏற்றுகிற எல்.ஓ.டி.யின் காலில் பற்றவைத்த ஈயம் விட்டுப்போயிருந்தது, ட்ரை சால்டர் என்போம். சூடு வைத்துத் தொட்டேன், படம் வந்துவிட்டது. பச்சைக் கடல் மேல் ஒரு சின்ன விமானம் பறந்தது. லூர்து அண்ணன் படத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"நாளைக்கும் வா" என்றார். போனேன். பிறகு டி.வி. கடைக்குத் திரும்பவே இல்லை.

2. கேசட் மெஷின்

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சாயங்காலமானால் காலேஜ் பையன்கள் கடையை நிறைத்துவிடுவார்கள். சண்டை ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பேர் ஆடினால் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். அடுத்த ஆட்டம் என்னுடையது என்று சொல்ல, டோக்கனை மானிட்டர் கண்ணாடிக்குக் கீழே விளிம்பில் வைப்பார்கள். அந்த வரிசையை யாரும் மீறிப் பார்த்ததில்லை. ரேஷன் கடையில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

அப்புறம் வீட்டு மெஷின் வந்தது. டி.வி.யில் சொருகி ஆடுகிற கேசட் மெஷின். மெஜஸ்டிக் பக்கம் நடைபாதையிலேயே குவித்து வைத்து விற்றார்கள். ஆயிரம் ஆட்டம் என்று கேசட்டின் மேல் எழுதியிருக்கும், உள்ளே அதே பத்து ஆட்டம் திரும்பத் திரும்ப வரும். ஆனாலும் வாங்கினார்கள். ஏன் வாங்க மாட்டார்கள்? வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, செத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். டோக்கனும் வேண்டாம், வரிசையும் வேண்டாம்.

எங்கள் கடையில் மத்தியானங்கள் காலியாயின. பிறகு சாயங்காலங்களும். பிரகாஷ் என்று ஒரு காலேஜ் பையன், தினமும் வந்து கொண்டிருந்தவன், ஒரு நாள் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "வீட்ல வாங்கிட்டாங்கண்ணா. அதே ப்ளேன் ஆட்டம் அதுலயும் இருக்கு." மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றான். நான்தான் அவனைத் தேற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு டீலர் வந்தார். கையில் சீட்டுக்கட்டு ஆட்டத்தின் போர்டு. காசு வைத்து ஆடுகிற வகை, திரையில் சீட்டு விழும். "உன் பழைய கேபினெட்டே போதும் லூர்து. போர்டை மட்டும் மாத்து. உள்ள வர்றவன் வெளிய போக மாட்டான்" என்றார். அது உண்மை. எங்களைச் சுற்றி இருந்த நிறையக் கடைகள் அப்படித்தான் மாறின, நன்றாகவும் ஓடின.

லூர்து அண்ணன் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கப்பா சம்பளம் குதிர ரேஸ்ல போச்சு சார். சனிக்கிழமை ராத்திரி எங்கம்மா வாசல்ல நிக்கும். நான் வேற ஒரு அம்மாவ வாசல்ல நிக்க வெக்க மாட்டேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். டீலர் போனதும் என்னிடம், "தப்புப் பண்ணிட்டேனாடா?" என்று கேட்டார். எனக்கும் அந்தக் கடையில்தான் சோறு.

3. அமுதா

எங்களுக்கு மிச்சமிருந்த கூட்டத்தில் ஒருத்தி அமுதா.

கோலார் தங்கவயல் பெண். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டு வீட்டில் உட்கார்ந்தவர். இவள் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூர் வந்து, கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைத்து, சாயங்காலம் அதே வழியில் திரும்புவாள். அந்த வண்டியில் அப்படி எத்தனையோ பெண்கள். கம்பெனி வேன் அவர்களை ஸ்டேஷனில் இறக்கிவிடும்போது வண்டிக்கு ஒரு மணி நேரம் போல இருக்கும். மற்றவர்கள் காய்கறி வாங்கப் போவார்கள், கூட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். இவளுக்கு அந்தக் கூட்டம் ஒட்டவில்லை. பிளாட்பாரத்தில் தனியாக உட்கார்ந்தால் எவனாவது பக்கத்தில் வந்து உட்காருகிறான். ஒரு மழை நாளில் எங்கள் கடை வாசலில் ஒதுங்கினாள். லூர்து அண்ணன் உள்ளே கூப்பிட்டார்.

"சும்மா நின்னா யாராவது ஏதாச்சும் சொல்லுவாங்க. ஒரு டோக்கன் வாங்கிக்க. ஆடறாப்புல நில்லு" என்றார்.

கவுன்ட்டருக்குப் பக்கத்தில், நான் சால்டரிங் செய்கிற மேஜைக்கு எதிரில் அந்த ப்ளேன் ஆட்டம் இருந்தது. அங்கே நின்றாள். ஆடுகிற மாதிரி நின்றவள், ஆட ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டோக்கன்தான் கட்டுபடியாகும். அது தீர்ந்துவிட்டால் மறுபடி பிளாட்பாரம். அதனால் அந்த ஒன்றை வண்டி வரும்வரை இழுத்தாக வேண்டும். வேறு யாரும் அப்படி ஒரு காரணத்துக்காக அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். முதலில் சீக்கிரமே தோற்றுப்போனாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூடியது. ஒரு மழைக்காலம் போவதற்குள் மாரிக்குப்பம் வண்டி அறிவிப்பு வருகிற வரை ஆடினாள். டிபன் பையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொள்வாள். திரையைத் தவிர எதையும் பார்க்க மாட்டாள். ஆனால் காது மட்டும் ஸ்டேஷனில் இருக்கும்.

அறிவிப்பு கேட்டதும் கையை எடுத்துவிடுவாள். பெரும்பாலும் அப்போது ஒரு லைஃப் மிச்சமிருக்கும். அந்த ஆட்டத்தில் நிறுத்திவைக்கிற வசதி கிடையாது, ஆள் இல்லாவிட்டால் ப்ளேன் விழுந்துவிடும். அதனால் பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்களிடம், "ஒரு லைஃப் கீது, எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஆட்டோக்காரர், டீ கொண்டு வந்தவர், யாராக இருந்தாலும் சட்டென்று வந்து பிடிப்பார்கள். கண்ணெதிரில் ஒரு ப்ளேன் தனியாகப் பறந்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. பிடித்தவர்கள் ஐந்து எண்ணுவதற்குள் செத்துப் போவார்கள். அவள் ஆடும்போது அது எவ்வளவு கஷ்டமான இடம் என்று யாருக்கும் தெரியாது. அவள் போன பிறகுதான் தெரியும்.

4. மெக்கானிக்கை ஆடச் சொன்னார்கள்

சீட்டுக்கட்டு போர்டு வைத்த கடைகளில் போலீஸ் புகுந்தது. அதோடு நிற்கவில்லை. அந்த வட்டாரத்தில் வீடியோ கேம்ஸ் என்று பலகை மாட்டிய எல்லாக் கடைகளும் சோதனை முடியும் வரை திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லூர்து அண்ணன் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவருக்கும் அதே பூட்டு. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மட்டும் யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த வாரத்தில் அவர் முகம் ஒடுங்கிவிட்டது.

கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். நிதானமான மனிதர். அவர் பேசியது கன்னடம், நான் தமிழில் எழுதுகிறேன். எல்லாக் கேபினெட்டையும் திறந்து காட்டச் சொன்னார். பார்த்தார்.

"சீட்டு போர்டு இல்ல. சரி. ஆனா இது மட்டும் அதிர்ஷ்டம் இல்லன்னு எப்படித் தெரியும்? காசு போடறாங்க, கொஞ்ச நேரத்துல போயிடுது. அங்கயும் அதுதானே நடக்குது?"

"இல்ல சார்" என்றார் லூர்து அண்ணன். "இது கைத்திறமை. ஆடத் தெரிஞ்சவங்க ஒரு டோக்கன்ல எவ்வளவு நேரம் வேணா நிப்பாங்க."

"நின்னு காட்டச் சொல்லு."

லூர்து அண்ணன் பெருமையாக என் தோளைத் தொட்டார். "எங்க மெக்கானிக் சார். இந்த மெஷின்ல ஒவ்வொரு வயரும் இவனுக்குத் தெரியும்."

நான் கண்ணால் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கவனிக்கவில்லை. இத்தனை வருடம் என் பக்கத்திலேயே இருந்தும், நான் ஒரு ஆட்டத்தைக்கூட முடித்ததில்லை என்பதை அவர் பார்த்ததே இல்லை. ப்ளேன் மெஷினில் டோக்கன் போட்டேன். நாலு பக்கமும் போயிற்று, சுட்டது, சவுண்ட் நன்றாக இருந்தது. அதற்கப்புறம் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்று லைஃபும் முதல் ஸ்டேஜிலேயே போயின.

துணைக்கு வந்திருந்த பிரகாஷ், "நான் ஆடறேன் சார், வீட்ல இதே ஆட்டம் தினம் ஆடறேன்" என்று முன்னால் வந்தான். பாவம். வீட்டு மெஷினில் கட்டைவிரலால் அழுத்திப் பழகிய கை. இங்கே முஷ்டியால் பிடிக்கிற ஜாய்ஸ்டிக். இடது பக்கம் போக நினைத்தால் ப்ளேன் மேலே போனது. அவனும் இரண்டாவது ஸ்டேஜைத் தாண்டவில்லை. காது சிவக்க ஓரமாகப் போய் நின்றான்.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"செஞ்சு குடுக்கறவனும் தோத்தான். தினம் ஆடறவனும் தோத்தான். அப்போ இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டார். "வியாழக்கிழமை சாயங்காலம் இன்னொரு தரம் வர்றேன். ஆடத் தெரிஞ்சவங்க இருந்தா காட்டுங்க. இல்லன்னா லைசன்ஸ் இல்ல, கடையைக் காலி பண்ணிடுங்க."

அவர் போனதும் லூர்து அண்ணன் கேட்டார், "உனக்கு ஆடத் தெரியாதாடா?"

"தெரியாதுண்ணா."

"இத்தன வருஷமா?"

அவர் திட்டவில்லை. மெஷினின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே போய் நின்றார்.

நன்றாக ஆடுகிறவர்களைத் தேடினோம். பழைய பையன்கள் எல்லோர் வீட்டிலும் கேசட் மெஷின், கைப்பழக்கம் மாறிவிட்டது. மிச்சமிருந்தவர்களுக்குப் போலீஸ் என்றாலே பயம். "என் பர்மிட்டே தகராறுல கீதுண்ணா, என்ன விட்ருங்க" என்று ஒரு ஆட்டோக்காரர் கும்பிட்டார். அமுதாவின் பெயரை நாங்கள் இருவருமே சொல்லவில்லை. இருவர் மனதிலும் அவள்தான் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா, ஒரேயடியா மூடிட்டீங்களா? நானு தினம் ப்ளாட்பாரத்துல குந்திக்கினு கீறேன். ஒருத்தன் தினம் பக்கத்துல வந்து குந்தறான். இடம் மாறினா அவனும் மாறி வரான்."

நடந்ததைச் சொன்னேன். நான் சொல்ல வந்ததற்கு மேலேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளிருந்து லூர்து அண்ணன் குரல் வந்தது.

"சேகரு, அந்தப் பொண்ணுகிட்ட அதெல்லாம் பேசாத. போலீஸ் முன்னாடி ஒரு பொம்பளப் புள்ளய நிறுத்தி நான் கடை நடத்த வேணாம்."

அமுதா ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள். "எங்கம்மாவுக்கு நான் இங்க வர்றது தெரியாதுண்ணா. வீடியோ கேம் கடைன்னு காதுல உழுந்தா வேலைக்கே அனுப்பாது. எங்க ரயிலு பொட்டியில இருக்கறவங்கள்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் போதும், வண்டி பங்காரப்பேட்டை போறதுக்குள்ள எங்க சுரங்கத்து லைனு வூடு முழுக்கத் தெரிஞ்சிடும்."

"தெரியும்மா. உன்ன யாரும் கூப்பிடல" என்றேன்.

"வேலைக்குப் போகலன்னா வூட்லயே கெடக்கணும்ணா. அப்பா இருமறத கேட்டுக்கினு." அதைச் சொல்லிவிட்டு, "எந்நேரத்துக்கு வர்றாரு அந்த இன்ஸ்பெக்டரு?" என்று கேட்டாள்.

நேரத்தைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வரக் கூடாது என்றும் நினைத்தேன்.

5. வியாழக்கிழமை

இன்ஸ்பெக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார், கூட ஒரு கான்ஸ்டபிள். லூர்து அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஆட ஆள் இல்லை.

"யாரும் இல்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போது சந்து முனையில் பேச்சுச் சத்தம் கேட்டது. அமுதா வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு ரயில் பெட்டி நிறையப் பெண்கள் வந்தார்கள். எல்லோர் தோளிலும் டிபன் பை, தலையில் பஞ்சுத் துணுக்குகள். முன்னால் வந்தவர் மேரியக்கா. அமுதாவின் கம்பெனியில் தைத்ததைச் சரிபார்க்கிற செக்கர். அந்த ரயில் பெட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று அமுதா முன்பே சொல்லியிருக்கிறாள்.

பிற்பாடுதான் விவரம் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை வண்டியில், பங்காரப்பேட்டை வருவதற்கு முன்பே அமுதா எழுந்து நின்று தானே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மேரியக்கா பயங்கரமாகத் திட்டியிருக்கிறார். பிறகு பிளாட்பாரத்தில் பக்கத்தில் வந்து உட்காருகிறவனைப் பற்றி அமுதா சொன்னபோது, ஒவ்வொருத்தியாக அவனுடைய சட்டை நிறத்தைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் அவனைத் தெரிந்திருந்தது. மேரியக்கா அதற்கு மேல் திட்டவில்லை.

"நாங்க இவகூட வந்தவங்க சார். எல்லாரும் ஒரே வண்டி" என்று மேரியக்கா இன்ஸ்பெக்டரிடம் கன்னடத்தில் சொன்னார். கடைக்குள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதுதானா அந்த எடம்?" என்று தமிழில் அமுதாவிடம் கேட்டார். ஏதோ பெரிய பாவக்குழியை எதிர்பார்த்து வந்தவர் போலிருந்தது.

அமுதா பையைக் காலுக்கு நடுவில் வைத்தாள். டோக்கன் போட்டாள்.

அதற்கு முன் நான் அவள் ஆட்டத்தை முழுதாகப் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். என் கையால் சால்டர் வைத்த போர்டுக்குள் அவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கடல் போய்ப் பாலைவனம் வந்தது, பாலைவனம் போய் மேகம் வந்தது. குண்டுகள் மழை மாதிரி விழுகிற இடத்தில் அவள் ஜாய்ஸ்டிக்கை ஒரு நூலிழை நகர்த்தினாள், அவ்வளவுதான். தையல் மெஷினில் துணியைத் தள்ளிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. கைகட்டி நின்ற இன்ஸ்பெக்டர் கையை அவிழ்த்து ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"அந்தச் சிவப்பு ப்ளேன் வருதே, அடுத்த தடவை அதைச் சுடாம விடு பாக்கலாம்" என்றார்.

சிவப்பு ப்ளேன் வந்தது. அமுதா அதைச் சுடாமல், அதன் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் கூடப் போய், வழிவிட்டு அனுப்பினாள். கான்ஸ்டபிள் வாயைத் திறந்தபடி நின்றார்.

அப்போதுதான் ஸ்டேஷனில் அறிவிப்பு வந்தது. மாரிக்குப்பம் வண்டி.

பெண்கள் எல்லோரும் பைகளைச் சரிசெய்தார்கள். இன்ஸ்பெக்டர் திரும்பாமலே, "இன்னும் கொஞ்சம் ஆடட்டும். நான் முடிவு பண்ணல. அடுத்த வண்டியில போங்க" என்றார்.

"அடுத்த வண்டி பங்காரப்பேட்டையோட நின்னுடும் சார்" என்றார் மேரியக்கா. "அங்கருந்து நாங்க எப்படிப் போறது?"

லூர்து அண்ணன் உதடு அசைந்தது, ஜெபம் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அவள் போய்விட்டால் சோதனை பாதியில் நிற்கும், கடை போகும். அவள் நின்றால் அத்தனை பெண்களும் இருட்டில் நடுவழியில் நிற்பார்கள், நாளையிலிருந்து யார் வீட்டிலும் நிம்மதி இருக்காது.

அமுதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உடம்பை மட்டும் கொஞ்சம் ஒதுக்கினாள்.

"சார், இப்படி வந்து நில்லுங்க. ரெண்டு லைஃப் கீது, எடுத்துக்கோங்க" என்றாள்.

சொன்னது தமிழில். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் ப்ளேன் தனியாகப் பறந்தது. அவர் கை தானாகப் போய் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தது. அமுதா பையை எடுத்தாள். அத்தனை பேரும் ஓடினார்கள். சந்து முழுக்கச் செருப்புச் சத்தம்.

முதல் லைஃப் அவர் பிடித்த கையோடு போனது. அடுத்ததற்கு அவர் தொப்பியைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார். அதுவும் அதே இடத்தில் போனது. ஆட்டம் முடிகிற அந்த ட்யூன் வந்தது. கான்ஸ்டபிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் வண்டி கிளம்புகிற ஹாரன் கேட்டது.

இன்ஸ்பெக்டர் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவ இந்த இடத்துலதான் ஆடிட்டிருந்தாளா?" என்று என்னிடம் கேட்டார்.

"இதே இடம்தான் சார். இதே டோக்கன்."

"இது கை வேலைதான்" என்றார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஆய்த்து, சரி. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து பேப்பர் வாங்கிக்க." வாசல் வரை போனவர் திரும்பி, "அவங்களுக்கு வண்டி கெடச்சிருக்குமா?" என்று கேட்டார்.

கிடைத்தது. மேரியக்காவை மட்டும் கடைசி நேரத்தில் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்களாம்.

ஆனாலும் செய்தி அமுதாவின் அம்மா காதுக்குப் போய்விட்டது. எத்தனை பேர் சேர்ந்து வந்தாலும் ஒரு வாய் தப்பிவிடுகிறது. அம்மா அவளை வேலைக்கு அனுப்பவில்லை. கடை திறந்திருந்தது, ப்ளேன் மெஷின் ஓடியது, அவள் மட்டும் இல்லை. லூர்து அண்ணன் அந்த மெஷின் பக்கமே போகவில்லை. "லைசன்ஸ் வாங்கி என்னடா பண்றது" என்றார். கொஞ்ச நாள் கழித்து மேரியக்கா அவள் வீட்டுக்கே போய், "நானும்தான் போனேன், என் பேரும் கெட்டுப்போச்சான்னு சொல்லு" என்று அவள் அம்மாவிடம் கேட்டு, கையோடு கூட்டி வந்தார். உள்ளே நுழைந்ததும் அமுதா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அந்த இன்ஸ்பெக்டரு ஆட்டத்துல எந்த எடத்துலண்ணா செத்தாரு?"

6. மிச்சம்

லூர்து அண்ணன் இரண்டு சண்டை மெஷினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீளமாக ஒரு பெஞ்ச் போட்டார். ரயில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஆடுகிறவர்கள் ஆடினார்கள், மற்றவர்கள் பூ கட்டினார்கள். அவர்களைப் பார்த்து வேறு ஆட்களும் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆளை விட்டுவிட்டு வெளியே நிற்கிறவர்கள், முதலாளிக்காகக் காத்திருக்கிற டிரைவர்கள், அறையில் ஆறு பேர் என்பதால் சாயங்காலம் அறைக்குப் போக மனம் வராதவர்கள். வீட்டு மெஷின் இன்னும் நல்லதாக, இன்னும் மலிவாக வந்துகொண்டே இருந்தது. எங்கள் கடை போகவில்லை. கட்டடத்துக்காரர் விற்கிற வரைக்கும் ஓடியது. லூர்து அண்ணன் அதற்கப்புறம் ரொம்ப நாள் இருக்கவில்லை.

எங்கள் லைனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். ஆட்டத்தை விற்கிறோம் என்று நினைத்திருந்தோம். ஆட்டம் எல்லோர் வீட்டுக்கும் போய்விட்டது. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் நிற்க ஒரு இடமும், அங்கே நிற்பதற்கு ஒரு சாக்கும்தான் நாங்கள் விற்றோம். மெஷின் பழுதானால் போர்டைப் பாருங்கள். கடை பழுதானால் யார் எதற்காக நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

போன வருடம் அமுதாவைப் பார்த்தேன். கல்யாணமாகி எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வந்துவிட்டவள். மாலில் எங்கள் கேம் ஜோனுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். முடியில் நரை. அவள்தான் என்னை முதலில் அடையாளம் கண்டாள்.

"நீ ஆடறது உண்டாம்மா?" என்று கேட்டேன்.

"பையனுக்கு வூட்ல வாங்கிக் குடுத்துக்கீறோம்ணா. அந்த ப்ளேன் ஆட்டம் கூட அதுல கீது." சிரித்தாள். "மெஷினு கீது. அந்த ஒரு மணி நேரம்தான் இல்ல. சமையல், மாமியாருக்கு மருந்து, இவனுக்குப் பாடம். ஒக்காந்தா யாராச்சும் கூப்பிடுவாங்க."

ஓரத்தில் பழைய மாடலில் ஒரு ப்ளேன் மெஷின் வைத்திருக்கிறோம். இப்போது டோக்கன் இல்லை, கார்டு. என் ஸ்டாஃப் கார்டைத் தேய்த்தேன். அவள் கைப்பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தாள். கை மறக்கவில்லை. கடல் போய்க்கொண்டிருந்தது.

அவள் போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டு பேசினாள். "இதோ வந்துட்டோங்க. கீழ தான் கீறோம். வந்துட்டோம்."

கையை எடுத்தாள். "லைஃப் கீதுண்ணா, எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, பையனை இழுத்துக்கொண்டு எஸ்கலேட்டர் பக்கம் ஓடினாள்.

நான் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் வண்டி வரும்போது ஒன்றுதான் மிச்சமிருக்கும். அன்றைக்கு மூன்றும் அப்படியே இருந்தன.